கிணற்றடிக் கல்லும் பாதிப் பேச்சும்

புதிதாகக் கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு இந்த ஆபீசுக்கு வந்திருக்கும் பெண்பிள்ளைகள் இரண்டு பேரும் போன வாரம் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். "பாக்கியம்மா, ஒங்களுக்கு ஒரு எழுத்துக்கூடத் தெரியாதுங்கிறீங்க. வக்கீல் ஆபீசுல இத்தனை வருசம் என்னதான் வேலை பார்த்தீங்க?" என்று கேட்டார்கள். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. நியாயமான கேள்விதானே? நான் சொல்கிறேன், நீங்களே எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். கை வலித்தால் என்னைத் திட்டக் கூடாது.

பெருக்கினேன். பானையில் தண்ணீர் நிரப்பினேன். வழக்குக் கட்டுகளில் கரையான் ஏறாமல் வெயிலில் காயவைத்தேன். ராமநாதபுரத்து வெயிலுக்குக் கரையான் பயப்படும், சில வக்கீல்களும் பயப்படுவார்கள். ஆனால் எங்கள் வக்கீல் அய்யா என்னை வேலைக்கு வைத்தது அதற்காக இல்லை. நாடு சுதந்திரம் வாங்கிப் பத்துப் பன்னிரண்டு வருடம் ஆகியிருந்த சமயம் அது. ஒரு பெண் வழக்கு என்று வந்தால் வாசலோடு நின்றுவிடுவாள். உள்ளே வந்தாலும் அண்ணனையோ மச்சானையோ பேசவிட்டுவிட்டு முந்தானையைக் கடித்துக்கொண்டு நிற்பாள். அவளை உள் அறைக்குக் கூட்டிப்போய் உட்காரவைத்து, குடிக்கத் தண்ணீர் கொடுத்து, நடந்ததை அவள் வாயாலேயே கேட்டு, அய்யாவிடம் வந்து ஒப்பிப்பதுதான் என் வேலை. எழுதத் தெரியாதவளுக்கு ஞாபகம் அதிகம். அவள் இருமியிருந்தால் இருமலோடு சொல்வேன்.

கீழக்கரையில் நடந்த ஒன்றைச் சொல்லிவிட்டு விஷயத்துக்கு வருகிறேன். அங்கே பெரிய வீட்டுப் பெண்கள் கோர்ட்டுக்கு வர மாட்டார்கள். கோர்ட்டிலிருந்து ஆள் அனுப்பி, திரைக்கு அந்தப் பக்கம் அவர்களை உட்காரவைத்து வாக்குமூலம் எழுதுவார்கள். திரைக்குள்ளே துணைக்கு நான். அன்றைக்கு எங்கள் கட்சிக்காரப் பெண் எதைக் கேட்டாலும் "அல்லா அறிவான்" என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். வெளியே அய்யாவுக்கு வியர்த்து ஊற்றுகிறது. பார்த்தால், பக்கத்திலேயே மாமியார் அம்மா உட்கார்ந்திருக்கிறார். "பெரியம்மா, ஒங்க வீட்டுத் தொதல் வாசம் ராம்நாடு வரைக்கும் வருது. எப்படிக் கிண்டுறீகன்னு கொஞ்சம் காட்டுங்களேன்" என்று அவரை அடுப்படிக்குக் கிளப்பிக்கொண்டு போனேன். நாங்கள் திரும்பி வருவதற்குள் வாக்குமூலம் முடிந்திருந்தது. எனக்கு ஒரு துண்டு தொதலும் கிடைத்தது. அந்த இனிப்பு இன்னும் நாக்கில் இருக்கிறது.

இப்படித் தன்னைத்தானே மெச்சிக்கொள்கிறவள்தான் ஒரு வழக்கைக் குழியில் தள்ளப் பார்த்தாள். அதுதான் நீங்கள் கேட்க வேண்டியது.

ராக்காயிக்கு நயினார்கோவில் பக்கத்து ஊர். புருஷன் இறந்துபோனபின் பனையோலைப் பெட்டி முடைந்து சந்தையில் விற்றுப் பிழைத்தவள். ஆடி அமாவாசைக்குப் புருஷனுக்குத் திதி கொடுக்க ஊர்ச்சனத்தோடு ரயிலேறி ராமேஸ்வரம் போனாள். யாத்திரைக்காரர்களுக்கு வாடகைக்கு அறை விடும் ஒரு வீட்டில் தங்கினார்கள். அந்த வீட்டுப் பின்கட்டில் கிணறு. கடலில் குளித்த உப்புத் துணியை அலசக் கிணற்றடிக்குப் போனாள். கிணற்றைச் சுற்றிப் பாவியிருந்த கற்களில் ஒன்றின் அடியில் மண் கரைந்துபோய் அது ஆடிக்கொண்டிருந்தது. மேலே பாசி வேறு. அதைச் சரிசெய்யாமல் ஒரு சாக்கை விரித்து மூடியிருந்தார்கள். ராக்காயி சாக்கின் மேல் கால் வைத்தாள். கல் ஒரு பக்கம் அமுங்கிற்று, அவள் மறுபக்கம் போய் விழுந்தாள். வலது மணிக்கட்டு ஒடிந்துபோனது.

கட்டுப் போட்டு எலும்பு கூடிவிட்டது. விரல்தான் கூடவில்லை. ஓலையை மடித்துப் பிடிக்கப் பெருவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றாகச் சேர வேண்டும். அவளுக்குச் சேரவே இல்லை. என் முன்னால் உட்கார்ந்து ஓர் ஓலை நறுக்கை எடுத்துக் காட்டினாள். ஓலை அவள் கையிலிருந்து தானாக நழுவிக் கீழே விழுந்தது. மறுபடி எடுத்தாள். மறுபடி விழுந்தது.

காசு வாங்கிக்கொண்டு ஆளைத் தங்கவைக்கிறவன் தரையைச் சரியாக வைத்திருக்க வேண்டும், நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடலாம் என்றார் அய்யா. ஆனால் அவளிடம் மறைக்காமல் இன்னொன்றையும் சொன்னார். தோற்றுப்போனால் எதிர்த்தரப்பின் கோர்ட் செலவும் அவள் தலையில் விழும். அவளுக்குச் சொத்து என்று இருந்தது குடிசைக்குப் பின்னால் நின்ற ஏழு பனைமரம். கை போய்விட்டது, மரமும் போனால் மிச்சம் என்ன? இரண்டு நாள் யோசித்துவிட்டு வந்து, "போடுங்கய்யா" என்றாள்.

வீட்டுக்காரர் பதில் போட்டார். கல் ஆடவே இல்லை, அவள் பராக்குப் பார்த்துக்கொண்டு நடந்து வழுக்கி விழுந்தாள் என்றார்.

இப்போது என் தப்பு. முதல்நாள் உள் அறையில் ராக்காயி எனக்கு எல்லாவற்றையும் சொன்னாள். சாக்கின் ஈரம், கல் அமுங்கிய சத்தம், வாளி உருண்டது, எல்லாம். கடைசியில், "வீட்டுக்கார அம்மா ஓடி வந்தாக. ஒங்க மேல ஒரு குத்தமும் இல்லம்மா, என் காலுதான் வழுக்கிருச்சுன்னு சொன்னேன்" என்றாள். நானும் "உம்" கொட்டினேன். அய்யாவிடம் ஒப்பிக்கும்போது வாளி உருண்டதைக்கூடச் சொன்னேன். இதைச் சொல்லவில்லை. மறைத்தேன் என்று நினைக்காதீர்கள். அது ஒரு பேச்சாகவே என் காதில் விழவில்லை. அடுத்தவர் வீட்டில் காலில் இடித்துக்கொண்டால் நம் பக்கத்தில் யார்தான் அப்படிச் சொல்லாமல் இருக்கிறோம்? சாப்பிடுகிறாயா என்று கேட்டால் பசியோடு இருக்கிறவளும் இப்போதுதான் சாப்பிட்டேன் என்பாள். அந்த மாதிரி.

முன்சீப் கோர்ட்டில் விசாரணை நாள் வந்தது. கோர்ட் வராந்தாவில் ராமேஸ்வரத்து ஆட்கள் பத்துப் பேர் நின்றார்கள். வீட்டுக்காரருக்கு அக்கம்பக்கத்தார், வேடிக்கை பார்க்க ரயிலேறி வந்தவர்கள். நான் கதவோரம் தண்ணீர்ச் செம்போடு நின்றேன். ராக்காயி கூண்டில் ஏறி அய்யா கேட்டதற்கெல்லாம் நன்றாகப் பதில் சொன்னாள். பிறகு எதிர்வக்கீல் எழுந்தார். குரலை உயர்த்தாத மனிதர். அந்த மாதிரி ஆளிடம்தான் அதிகம் பயப்பட வேண்டும்.

"நீ விழுந்ததும் வீட்டுக்கார அம்மா ஓடி வந்தாங்களா?"

"வந்தாக சாமி."

"‘ஒங்க மேல ஒரு குத்தமும் இல்ல, என் காலுதான் வழுக்கிருச்சு’ன்னு அவங்ககிட்ட நீ சொன்னியா, இல்லையா?"

"சொன்னேன் சாமி."

"யாராவது மிரட்டிச் சொல்லச் சொன்னாங்களா?"

"அய்யோ, இல்ல சாமி. நானாத்தான் சொன்னேன்."

"போதும்" என்று அவர் உட்கார்ந்துவிட்டார். முன்சீப்பின் பேனா மட்டும் கீறிக்கொண்டிருந்தது. அய்யா திரும்பி ராக்காயியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். மறுவிசாரணை உண்டா என்று முன்சீப் கேட்டதற்கு, இல்லை என்று தலையசைத்தார் அய்யா. சாப்பாட்டு இடைவேளைக்கு மணி அடித்தது.

வெளியே வேப்பமரத்தடியில் அய்யாவும் குமாஸ்தாவும் நின்றார்கள். ராக்காயியைக் கூட்டிக்கொண்டு நான் போனேன். அந்த இருபது முப்பது அடி தூரத்தில் என் மனது ஓடியது இருக்கிறதே! ‘அவ எங்கிட்ட இதைச் சொல்லவே இல்லய்யா’ என்று சொல்லிவிட்டால் போதும். ராக்காயி மறுக்க மாட்டாள். நான் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவளே நம்பிவிடுவாள். வேலை தப்பிக்கும்.

"பாக்கியம், அவ உங்கிட்ட இதைச் சொன்னாளா?"

"சொன்னாய்யா."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"அது ஒரு பேச்சுன்னே எனக்குத் தோணலய்யா."

குமாஸ்தா பல்லைக் கடித்தார். "தொதல் தின்ன கதையா இருந்தா நூறு தடவை சொல்லிருப்பா."

அய்யா திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "மத்தியானம் அந்த வீட்டுக்கார அம்மாவைக் கூப்பிடப் போறாங்க. இவ சொன்னதையே அவங்களும் சொல்லுவாங்க. அதோட முடிஞ்சது. எதிர்வக்கீலைப் பார்த்து, செலவை மட்டும் கேட்காம விட்டுருங்கன்னு சமாதானம் பேசிப் பார்க்கிறேன்" என்றார்.

ராக்காயிக்கு எது புரிந்ததோ இல்லையோ, செலவு என்கிற வார்த்தை புரிந்தது. "அப்ப மரத்தை எடுத்துக்கிருவாகளாய்யா?" என்றாள். "நான் நல்லதனமாத்தானே சொன்னேன். அந்தம்மா அப்படி அழுதாக."

அழுதார்களா?

என் தலைக்குள் யாரோ விளக்கைத் தூண்டிவிட்ட மாதிரி இருந்தது. "ஏத்தா, அழுதாகளா? நீ சொல்றதுக்கு முன்னாடி அவுக என்ன சொன்னாக?"

"என்னமோ சொன்னாக. தலையில அடிச்சுக்கிட்டாக. எனக்குக் கை வலியில கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சு. ஒண்ணும் காதுல விழல."

நான் அய்யா பக்கம் திரும்பினேன். "அய்யா, அந்தம்மாகிட்ட, நீங்க மொதல்ல என்ன சொன்னீங்கன்னு கேளுங்க."

"என்ன சொன்னாங்கன்னு இவளுக்கே தெரியலையே. பதில் தெரியாத கேள்வியைக் கோர்ட்டுல கேட்கக் கூடாது பாக்கியம். அது நம்ம தலையிலேயே விழும்."

"பதில் தெரியாதுதான்யா. ஆனா ‘ஒங்க மேல குத்தமில்ல’ங்கிறது மொதப் பேச்சா வராதுய்யா. அது மறுபேச்சு. வீட்டுக்காரி ‘எங்க வீட்டுல வந்து இப்படி ஆயிருச்சே’ன்னு அழுவா. விழுந்தவ ‘அதெல்லாம் இல்லம்மா’ன்னு தேத்துவா. மொதப் பேச்சு இல்லாம இது வராது. எந்த ஊர்ப் பொம்பளையை வேணும்னாலும் கேட்டுப் பாருங்க."

"அவங்க ஒண்ணும் சொல்லலன்னு சாதிச்சுட்டா?"

குமாஸ்தா, "சமாதானமே பேசிருவோம்யா" என்றார். அய்யா கிணற்றை எட்டிப் பார்க்கிற மாதிரி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். மறுபடி மணி அடித்தது. அவர் உள்ளே போய்விட்டார். சாப்பாட்டுத் தூக்கை நான் திறக்கவே இல்லை.

வீட்டுக்கார அம்மாவின் பெயர் கோமதி. நாற்பது வயது இருக்கும். மூக்குத்தி, கனத்த உடம்பு, பத்துப் பேரை ஒரே அதட்டலில் வரிசையாக நிற்கவைக்கிற முகம். கூண்டில் ஏறியதும் முதலில் கைப்பிடிக் கட்டையை அசைத்துப் பார்த்தார். அது ஆடாமல் நின்றது. அதன்பிறகுதான் அதைப் பிடித்துக்கொண்டார். அந்தச் சின்னக் காரியத்தைப் பார்த்ததும் எனக்கு வயிற்றில் கொஞ்சம் பால் வார்த்த மாதிரி இருந்தது.

எதிர்வக்கீல் கேட்டதற்கு, ராக்காயி அந்த வார்த்தையைச் சொன்னது உண்மை என்றார். கல்லைப் பற்றி அவர் கோமதியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அய்யா அதைக் கவனித்தார். கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தார்.

"விழுந்த சத்தம் கேட்டு ஓடி வந்தீங்க?"

"ஆமா."

"வந்ததும் நீங்க என்ன சொன்னீங்க?"

கோமதி சட்டென்று புருஷனைப் பார்த்தார். அவர் முன்பெஞ்சில் மடியில் குடையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எதிர்வக்கீல் எழுந்தார். "இது சம்பந்தமில்லாத கேள்வி."

முன்சீப் பேனாவை வைத்தார். "அந்தப் பேச்சைக் கோர்ட்டுக்குக் கொண்டுவந்ததே நீங்கதான். பாதிப் பேச்சை மட்டும் நான் எப்படி எழுதறது? சொல்லுங்கம்மா."

கோமதி இன்னும் புருஷனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

"ஒண்ணும் சொல்லல."

அவ்வளவுதான், போச்சு. முன்பெஞ்சுக்காரர் குடையை ஒருதரம் தட்டினார். ராக்காயி பெஞ்சு ஓரத்தில் ஒடுங்கிக்கொண்டாள். அய்யாவின் கை மேஜையைப் பிடித்தது. அவர் உட்காரப் போகிறார் என்று எனக்குத் தெரியும், அவர் உட்காருவதற்கு முன்னால் எப்போதும் மேஜையைப் பிடிப்பார். உட்காரும்போது அவர் கண் கதவுப் பக்கம் வந்தது. நான் தலையை ஆட்டினேன். உட்காராதீங்க என்று. கோர்ட்டுக்குள் பெருக்குகிறவள் வக்கீலுக்குத் தலையாட்டுவதா என்று யோசிக்க நேரமில்லை. ‘அந்தம்மா முகத்தைப் பாருங்க’ என்றுதான் என் மனசு கத்தியது. அந்த முகம் எரிந்துகொண்டிருந்தது.

அய்யா நிமிர்ந்தார். மெதுவாகக் கேட்டார்.

"சரிம்மா. ஒங்க வீட்டுக் கெணத்தடியில ஒரு பொம்பளை கை ஒடிஞ்சு கெடக்கிறா. ஒங்க வீட்டுக்கு வந்தவ. நீங்க ஓடி வந்து பார்த்தீங்க. ஒரு வார்த்தை சொல்லல. சும்மா நின்னு பார்த்தீங்க. அப்படியே எழுதிக்கிறலாமா?"

முன்சீப் பேனாவை எடுத்தார். வராந்தாவில் நின்ற ராமேஸ்வரத்துப் பெண் ஒருத்தி "ச்சூ" என்றாள். சின்னச் சத்தம்தான். கோமதி காதில் அது இடியாக விழுந்திருக்க வேண்டும்.

"இருங்கய்யா! எழுதாதீங்க!"

கட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "நான் என்ன மரக்கட்டையா? என் வீட்டுக்கு வந்தவ விழுந்து கெடந்தா நான் பார்த்துக்கிட்டா நிப்பேன்? தலையில அடிச்சுக்கிட்டுக் கத்தினேன்யா. தெருவே கேட்டுச்சு. ‘பாவி மனுசா, சித்திரையில இருந்து சொல்றேனே, இந்தக் கல்லைப் பேத்து வையி வையின்னு! சாக்கைப் போட்டு மூடுனியே, இப்ப ஒருத்தி கையை ஒடிச்சுப்புட்டோமே!’ன்னு கத்தினேன். அதைக் கேட்டுத்தான் இந்தப் புள்ள, அந்த வலியிலயும், ‘அழாதீங்கம்மா, ஒங்க மேல ஒரு குத்தமும் இல்ல’ன்னா. என்னைத் தேத்துறதுக்குச் சொன்னா. அதைப் போயி இவுக..." மூச்சு வாங்கியது அவருக்கு.

"கல்லு இப்பவும் ஆடுதா?" என்றார் அய்யா. அது அவர் யோசிக்காமலே கேட்டது என்று பிறகு என்னிடம் சொன்னார்.

"ஆடாம? வழக்கு முடியிற வரைக்கும் தொடக் கூடாதுன்னு எங்க வக்கீலு சொல்லிட்டாருல்ல. வாரவுக போறவுககிட்ட எல்லாம் ‘அங்கன மிதிக்காதீங்க, இங்கன மிதிங்க’ன்னு நாந்தான் காவல்காரி மாதிரி நிக்கிறேன். இன்னைக்கு நான் இங்கன நிக்கிறேன். அங்கன யாரு நிக்கிறா?"

எதிர்வக்கீல் தன் காகிதங்களை அடுக்க ஆரம்பித்தார். அடுக்கினதையே திரும்பவும் அடுக்கினார்.

எனக்குள் பொங்கிய சந்தோஷத்துக்கு வாயைப் பொத்திக்கொள்ள வேண்டியிருந்தது. வெளியே வந்ததும் குமாஸ்தா என் செம்பை வாங்கிக் குடித்துவிட்டு, "நீ பெரிய ஆளுதான் தாயி" என்றார். இதுவரைக்கும் சொன்னதை நீங்கள் எந்த வக்கீலிடமும் கேட்கலாம். இதற்கு மேல் நடந்ததைத்தான் நான் சொல்ல வேண்டும்.

கோர்ட் கலைந்தது. எல்லோரும் போனார்கள். கோமதி மட்டும் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். புருஷன் குடையை விரித்துக்கொண்டு ஸ்டேஷன் பக்கம் நடந்துவிட்டார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்தக் காலத்தில் ராமேஸ்வரத்துக்கு ரயிலை விட்டால் வழியில்லை, அந்த அம்மா தனியாக எங்கும் போய்ப் பழக்கமும் இல்லை. கேள்வி கேட்டவர் மோர் குடிக்கப் போய்விட்டார். பதில் சொன்னவள் ஒரு வீட்டுக்குத் திரும்பிப் போக வேண்டும், பிள்ளைகளே. உங்கள் கேள்வி எவ்வளவு நல்ல கேள்வியாக இருந்தாலும் இதை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள்.

அய்யாவிடம் போய், "நான் அந்தம்மாவை விட்டுட்டு வாரேன்" என்றேன். எதிர்த்தரப்புச் சாட்சியோடு நம் ஆபீஸ் ஆள் போவதா என்று குமாஸ்தா குதித்தார். அய்யா கொஞ்சம் யோசித்து, "போ. ஆனா வழக்கைப் பத்தி ஒரு பேச்சு பேசக் கூடாது" என்றார்.

சாயங்கால ரயிலில் வீட்டுக்காரர் வேறு பெட்டியில் ஏறினார். நாங்கள் இருவரும் ஜன்னலோரம். பாம்பன் பாலத்தில் ரயில் ஊர்ந்தபோது, அத்தனை நேரம் பேசாத கோமதி கடலைப் பார்த்தபடியே கேட்டார். "ஏன்டி, கதவோரம் நின்னு தலையை ஆட்டுனது நீதானே?"

"ஆமாக்கா."

"என் குடும்பத்தைக் கெடுத்துப்புட்டு, பக்கத்துலயே ஒக்காந்து வாரே பாரு. ஒனக்கு எவ்வளவு நெஞ்சழுத்தம்!"

"வழக்கைப் பத்திப் பேசக் கூடாதுன்னு அய்யா சொல்லிருக்காகக்கா."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு மூக்கால் ஒரு சிரிப்பு சிரித்தார்.

வீட்டில் அன்று மத்தியானம் புதிதாக ஒரு யாத்திரைக் கூட்டம் வந்து இறங்கியிருந்தது. பின்கட்டில் வாளிச் சத்தம். கோமதி செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "எல்லாரும் அங்கனயே நில்லுங்க!" என்று கத்திக்கொண்டே ஓடினார். கிணற்றடியில் ஒரு கிழவி சாக்குக்கு இரண்டு சாண் தூரத்தில் நின்றாள். கோமதி அவளைக் கையைப் பிடித்து இந்தப் பக்கம் இழுத்துவிட்டு, சுவரோரம் கிடந்த கடப்பாரையை எடுத்தார்.

எனக்குத் திக்கென்றது. தீர்ப்பு இன்னும் வரவில்லை. எதிர்வக்கீல் நாளைக்கே, கோர்ட்டில் இருந்து ஆள் வந்து கல்லைப் பார்க்கட்டும் என்று மனுப் போடலாம். வந்து பார்க்கும்போது கல் மலை மாதிரி நின்றால் கோமதி சொன்னது வெறும் ஆத்திரப் பேச்சு என்றாகிவிடும். ராக்காயியின் ஏழு மரம் அந்த ஆடுகிற கல்லில்தான் நிற்கிறது.

"அக்கா, பொறுங்க. கோர்ட்டுல இருந்து ஆளு வந்து பார்த்தாலும் பார்ப்பாக."

"பார்க்க வாரவன் விழுந்து கையை ஒடிச்சுக்கிட்டா, அவன் யாரு மேல வழக்குப் போடுவான்? என் மேலயா, ஒன் மேலயா?"

அந்தக் கிழவி ஒன்றும் புரியாமல் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் இடுப்பில் ஈரப் புடவை. கையில் வாளி. நான் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சாக்கை இழுத்துப் போட்டேன். இருவரும் கடப்பாரையை இடுக்கில் விட்டு அழுத்தினோம். கல் ஆடியதே தவிர மேலே வரவில்லை. பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. வீட்டுக்காரர் நின்றார். கோமதி கடப்பாரையை விடவில்லை, ஏறிட்டும் பார்க்கவில்லை. அவர் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டார். "தள்ளு. இப்படி நெம்புனா ஒன் காலுமேலதான் விழும்" என்றார். அதுதான் அன்றைக்கு அவர் பேசிய ஒரே பேச்சு.

மறுநாள் ஆபீசுக்கு வந்ததும் பெருக்குமாற்றைக்கூடத் தொடாமல் நேரே அய்யாவிடம் போனேன். கல்லைப் பெயர்த்தது, நானும் கடப்பாரை பிடித்தது, கிழவியின் வாளி வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னேன். ஒரு தடவை விட்டுச் சொல்லிப் பட்டது போதாதா? அய்யா வழக்குக் கட்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். "எதிர்த்தரப்பு சொல்றதுக்கு முன்னாடி நாமே முன்சீப்கிட்டச் சொல்லிருவோம்" என்று எழுந்தார். சொன்னார். எதிர்வக்கீல் அதைப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் வாதாடினார். எங்கள் ஆபீஸ் ஆளே தடயத்தை அழித்துவிட்டாள் என்று என்னைச் சுட்டிக் காட்டினார். தீர்ப்பு நாள் வரைக்கும் ராக்காயி முகத்தை நேராகப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

தீர்ப்பு வந்தது. அழுகிறவளைத் தேற்றச் சொன்ன வார்த்தையைச் சொன்னவளுக்கு எதிராகத் திருப்ப முடியாது. ஆடுகிற கல் என்று தெரிந்தே சாக்குப் போட்டு மூடியது வீட்டுக்காரரின் குற்றம். வீட்டிலிருந்தவர்களே ஆபத்து என்று பெயர்த்தெடுத்த கல்லைத் தான் போய்ப் பார்க்க வேண்டியதில்லை. இப்படி முன்சீப் எழுதியதாக அய்யா ராக்காயிக்குத் தமிழில் சொன்னார். நஷ்டஈடு, செலவு எல்லாம் அவளுக்கு. அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப பனை?" என்றாள்.

"ஏழும் ஒன்னோடதுதான்."

"நாளைக்கு ஓலை வெட்ட ஆளு வரச் சொல்லணும்" என்று முந்தானையை உதறிக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டாள். ஒரு கும்பிடுகூடப் போடவில்லை என்று குமாஸ்தா ஒரு வாரம் புலம்பினார்.

வீட்டுக்காரர் அப்பீல் போகவில்லை. கோமதி விடவில்லை என்று கேள்விப்பட்டேன்.

அடுத்த கோடையில் நயினார்கோவிலுக்குச் சாமி கும்பிடப் போனபோது ராக்காயி ஊருக்கும் போனேன். வந்த பணத்தில் ஓலைக்கு முன்பணம் கொடுத்து, அக்கம்பக்கத்துப் பெண்கள் நான்கு பேரைக் கூலிக்கு வைத்துப் பெட்டி முடையவைத்துக்கொண்டிருந்தாள். பனைமர நிழலில் அவர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்க, இவள் இடது கையில் ஒரு பெட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இது பெட்டியாடி, காக்காக் கூடா? இதுல நெல்லைப் போட்டா பாதி வழியில கொட்டும். பிரி, பிரிச்சு முடை!"

கடைசியில் உட்கார்ந்திருந்தவள் ஓலையைப் பிரித்துக்கொண்டே முணுமுணுத்தாள். "கை ஒடிஞ்சதுக்கு வாய் ஒடிஞ்சிருக்கலாம்."

மற்றவர்கள் சட்டென்று ஓலையில் குனிந்துகொண்டார்கள். ராக்காயி அவளைக் கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்தாள். பிறகு அவள்தான் முதலில் சிரித்தாள்.